பின்பக்க அறையின் பூட்டைத் திறக்கக் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா,
சீருடை தைக்கும் கம்பெனியில் தையற்காரர்,
சமுதாயக் கூடத்திற்குப் பின் தெரு, மாடி வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: குடியை விட நினைப்பவர்களுக்காகச் சமுதாயக் கூடத்தின் பின்பக்க அறையில் செவ்வாய்தோறும் நடந்துவந்த கூட்டம் நிறுத்தப்பட்டது, அந்தக் கூட்டத்தைத் தேடி வந்த என் தம்பியைக் கூடத்தின் பொறுப்பாளர் பாருக்கு அனுப்பிவைத்தது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அளித்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் காலர் தைக்கிறவள். என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்தது நான்தான். ஆகவே இந்த மனுவை எழுத எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். அவன் குடிப்பவன். இதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் தங்கள் அலுவலகத்தின் பதிலில் இந்த ஒரு செய்தியைத்தான் நான்கு விதமாகத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தார்கள். அவன் குடியால் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன்.

2. சென்ற ஆண்டு அவன் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கல்லீரலைப் பற்றி டாக்டர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, முதல் தடவையாக அவனாகவே விடுகிறேன் என்றான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் வார்டு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரை பாதிதாம்மா. மீதிப் பாதி, இவரை மாதிரியே விழுந்து எழுந்தவங்ககூட உக்காந்து பேசினாத்தான் ஆகும். சமுதாயக் கூடத்துல செவ்வாக்கிழமை சாயங்காலம் அந்தக் கூட்டம் நடக்குது. கூட்டிட்டுப் போங்க. தனியா விட்டா திரும்ப இங்கதான் வருவாரு" என்றார்.

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். நான் வீட்டில் தைக்கும்போது எதிரில் நின்று ஒத்திகை பார்ப்பான். "நான் லிஃப்ட் மெக்கானிக். எல்லாரையும் மேல ஏத்திவிடுறதுதான் என் வேலை. நான் மட்டும் கீழ போயிட்டே இருக்கேன்" என்று ஆரம்பிப்பான். இந்த வரி வேண்டாம்டா, விளையாட்டாக இருக்கிறது என்றேன். "சிரிப்பாங்கக்கா. சிரிச்சுட்டாங்கன்னா எனக்குப் பயம் போயிடும்" என்றான். அதற்குப் பிறகு வருவது அவன் மகளைப் பற்றி. மகளின் பள்ளிக்கூட விழாவுக்கு இவன் குடித்துவிட்டுப் போய் நின்றிருக்கிறான். இது யாரு என்று டீச்சர் கேட்க, குழந்தை இவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரு மிஸ்" என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் லிஃப்டே கிடையாது. ஒத்திகையில் இந்த இடம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்வான்.

3. முதல் செவ்வாய் இருவரும் போனோம். வாசலில் ஃபேனுக்கு அடியில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர்தான் இந்த மனுவில் நான் குறிப்பிடும் பொறுப்பாளர். "இங்க யோகா நடக்குது, டான்ஸ் கிளாஸ் நடக்குது, பிறந்தநாள் நடக்குது. குடிகாரங்க கூட்டம்லாம் நடக்கல" என்றார். எந்தப் போர்டும் இல்லை. நாங்களும் நம்பிவிட்டோம். பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி தம்பி வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தான்.

4. நர்ஸுக்குப் போன் செய்தேன். "அங்கதாம்மா நடக்குது. போன வாரம்கூட நடந்துச்சு. நல்லா கேளுங்க" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். மறுவாரம் மறுபடி போனோம். அப்போது பிறந்தநாள் விழாவுக்குக் கூடத்தைப் பார்க்க ஒரு தம்பதி வந்து மேசையருகே நின்றிருந்தார்கள். பொறுப்பாளர் குரலை உயர்த்தி, "குடியை விடுற கூட்டமா? யாருக்கு, உங்களுக்காம்மா?" என்றார். தம்பி முன்னால் போய், "எனக்குத்தான் சார்" என்றான். "கிட்ட வாங்க. ஊதுங்க பார்ப்போம்" என்றார். அவன் ஊதினான். போலீஸ், ஃபோர்மேன், மனைவி என்று பலர் ஊதச் சொல்லி ஊதிப் பழகியவன் ஆகையால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பொறுப்பாளர் மோந்து பார்த்துவிட்டு அந்தத் தம்பதியிடம், "இன்னிக்கு லீவு போல" என்றார். கணவர் சிரித்தார். மனைவி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். "விசாரிச்சு வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க" என்று எங்களை அனுப்பினார். தம்பி நன்றி சொன்னான். நானும் சொன்னேன். சொன்ன நன்றியைத் திரும்பப் பெற விதிகளில் வழி இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

5. மூன்றாவது வாரம் கம்பெனியில் அவசர ஆர்டர். என்னை விடவில்லை. தம்பி தானே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தனியாகப் போனான். நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். பொறுப்பாளர் அன்று நாற்காலியை விட்டு எழுந்து வந்து தோளில் கை போட்டிருக்கிறார். "உங்களுக்காகவே விசாரிச்சேன் தம்பி. கூட்டத்தை இடம் மாத்திட்டாங்க" என்று சொல்லி ஒரு விலாசம் கொடுத்திருக்கிறார். அது பொறுப்பாளரின் மச்சான் நடத்தும் பாரின் மாடி.

இந்த ஊரில் என் தம்பிக்குத் தெரியாத பாரா என்று தாங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அவனும் கேட்டிருக்கிறான். "சார், அது பார் ஆச்சே?" "கீழதான் பார். மாடி வாடகைக்கு விட்டிருக்காங்க. குடிக்கிறவங்க இருக்கிற இடத்துக்கே போய் அவங்களைத் திருத்துறதுதான் இப்ப புது முறை. போங்க, உங்களுக்காகக் காத்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறார். மாநகராட்சி மேசைக்குப் பின்னால் இருந்து வந்த வார்த்தை, ஐயா. அவன் நம்பினான். அவன் தெருவில் இறங்கியதும் பொறுப்பாளர் மச்சானுக்குப் போன் செய்து, "ஒருத்தன் வர்றான். கூட்டத்தை நல்லபடியா நடத்துங்க" என்று சொன்னதாக அந்தப் பாரில் வேலை பார்க்கும் சப்ளையர் என்னிடம் கூறினார்.

6. அன்று வீட்டுக்கு வந்த தம்பியிடம், "கூட்டம் எப்படிடா இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டேன். "நல்லா இருந்துச்சுக்கா. நான் பேசினதுக்கு எல்லாரும் கைதட்டினாங்க" என்றான். சாப்பிடாமல் படுத்துவிட்டான். களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரம் முடிவதற்குள் அவளே தன் போனை என்னிடம் நீட்டி, "இது உன் தம்பிதானே?" என்று கேட்டாள்.

7. வீடியோவில் இருந்ததைத் தங்கள் பார்வைக்கு எழுதுகிறேன். வீடியோவை இணைக்கவில்லை. இதுவரை பார்த்தவர்களே போதும்.

பாரின் மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். மேசைமேல் பாட்டில் இல்லை, தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் கைகட்டி, நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாரின் முதலாளியான அந்த மச்சான், "வாங்க தம்பி, கூச்சப்படாம சொல்லுங்க. நாங்களும் உங்களை மாதிரிதான்" என்கிறார். தம்பி எழுந்து நிற்கிறான். லிஃப்ட் வரியைச் சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிடுகிறது. நினைத்தபடியே சிரித்துவிட்டார்கள், பயம் போய்விட்டது. தைரியம் வந்து மகள் கதைக்குப் போகிறான். அங்கே ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக அவர்களைப் பார்த்தே சொல்கிறான். "லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவரு மிஸ்" என்றதும் முன்பைவிடப் பலமாகச் சிரிக்கிறார்கள். ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்கிறார். தம்பியும் ஒரு கணம் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். பிறகு மெல்ல நிறுத்துகிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். சப்ளையர் தட்டில் ஒரு கிளாஸ் கொண்டு வருகிறார். "கூட்டத் தலைவருக்கு முதல் மரியாதை" என்று முதலாளி சொல்கிறார். தம்பியின் கை கிளாஸை எடுக்கிறது. அதோடு வீடியோ முடிகிறது.

8. அங்கே முடித்தது தற்செயல் அல்ல. அதற்குப் பின் நடந்ததை மேற்படி சப்ளையர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஒரு சொட்டு தொடலக்கா. கிளாஸை எடுத்துப் பார்த்தாரு, திரும்ப என் தட்டுலயே வெச்சாரு. ஒரு துளி சிந்தல. தேங்க்ஸ்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாரு. அதையும் வீடியோ எடுத்தாங்க, அனுப்பும்போது வெட்டிட்டாங்க. அது இருந்தா சிரிப்பு வராதுன்னாங்க." இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். வேலை போய்விடும் என்றார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதே நேரத்தில் உண்மையான கூட்டம் தங்கள் சமுதாயக் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய சின்ன அறையில். முன்வாசல் வழியாக வரக் கூடாது, போர்டு வைக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பொறுப்பாளர் உத்தரவு போட்டிருந்தார். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு லாண்டரிக்காரர். அவரும் ஒரு காலத்தில் குடித்துத் தெருவில் கிடந்தவர்தான். புதிதாக ஒருவர் வருவார் என்று நர்ஸ் அவருக்குச் சொல்லிவைத்திருந்ததால், மூன்று வாரமும் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். பொறுப்பாளரின் மேசைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், ஐயா. சும்மா கையைக் காட்டியிருந்தால் போதும்.

9. வீடியோ தம்பியின் வேலை இடத்துக்கும் போனது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள், இவன் தொட்ட லிஃப்டில் எங்கள் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்றார்கள். ஃபோர்மேன் நல்ல மனிதர். "நீ குடிக்கலன்னு நான் நம்புறேன்டா. ஆனா லிஃப்ட்ல ஏறுறவன் நம்பணுமே" என்று சொல்லி, டூல் பையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அன்று தம்பி வீட்டுக்கு வந்து, "குடிக்காமலே பேர் வாங்கியாச்சுக்கா. இனிமே குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன" என்றான். சண்டை போட்டேன், கெஞ்சினேன், உண்மையான கூட்டத்தைத் தேடிப் போகலாம் என்றேன், காது கொடுக்கவில்லை. கதவைப் பூட்டினேன். பூட்டைத் திறப்பது அவனுக்குக் கைவந்த கலை. எத்தனையோ பேரை மூடிய கதவுக்குள்ளிருந்து வெளியே எடுத்தவன்.

10. இப்போது அவன் அதே பாரில்தான் தினமும் இருக்கிறான். அங்கே அவனுக்குப் பெயர் தலைவர். சாயங்காலமானால் எழுந்து நின்று அந்தப் பேச்சைப் பேசுகிறான். ஒரு பேச்சுக்கு ஒரு கிளாஸ். யாராவது புது ஆள் வந்தால், "பாப்பா கதையைச் சொல்லுங்க தலைவரே" என்று கேட்கிறார்கள். அவனைக் கூட்டிவரப் போன ஒரு நாள் படியில் நின்று நானே கேட்டேன். பேச்சு முன்பைவிட நன்றாக இருந்தது. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று இப்போது அவனுக்குத் தெரிகிறது. குழந்தையின் குரலில் பேசிக் காட்டுகிறான். நம் பொறுப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் நண்பர்களிடம், "இவனைக் கண்டுபிடிச்சதே நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகும் முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

11. இதன் பேரில் தங்கள் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தேன். அதை விசாரிக்கும் பொறுப்பு, சம்பந்தப்பட்ட இடத்தின் அலுவலர் என்ற முறையில், அதே பொறுப்பாளரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் தன்னைத் தானே விசாரித்து, தன் மேல் குற்றம் ஏதும் இல்லை என்று கண்டுகொண்டார். வந்த பதிலின் சாரம் இதுதான்: மனுதாரரின் தம்பி நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர், சம்பவ நாளன்று சொந்த விருப்பத்தின் பேரில் பாருக்குச் சென்று மது அருந்தினார், இதற்கும் சமுதாயக் கூடத்துக்கும் தொடர்பு இல்லை, எனினும் எதிர்காலத்தில் இத்தகைய புகார்களுக்கு இடம் தராமல் இருக்க, பின்பக்க அறையில் நடந்துவரும் கூட்டம் உடனடியாக நிறுத்தப்படுகிறது.

நான் கேட்டது நியாயம். கிடைத்தது பூட்டு. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார்கள்.

12. அந்தக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் நிலைமையும் தங்களுக்குத் தெரிய வேண்டும். லாண்டரிக்காரர் சில வாரங்கள் அவர்களைக் கூடத்தின் மதில் ஓரமாக, நடைபாதையில் நிற்கவைத்துப் பேசவைத்தார். குடிகாரர்கள் கும்பலாக நிற்கிறார்கள் என்று பொறுப்பாளர் போலீஸுக்குச் சொல்லிக் கலைத்துவிட்டார். ஒருவர்கூடக் குடித்திருக்கவில்லை. அவர்களில் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா உண்டு. வீட்டுக்கே தெரியாமல் வந்துபோனவர். தெருவில் நிற்க முடியாதே, அதனால் வருவதை நிறுத்திவிட்டார். இப்போது அவர் மறுபடி குடிப்பதாக லாண்டரிக்காரர் சொன்னார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. "நீங்க மனு குடுக்காம வேற என்னம்மா பண்ணியிருப்பீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வேறு இடம் தேடி அவரும் நானும் அலையாத இடமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற இடம் என்றார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர் மாடியைத் தருவதாகச் சொல்லி, எதற்கு என்று கேட்டதும் சாவி தொலைந்துவிட்டது என்றார். குடிப்பதற்கு இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இடம் இருக்கிறது. நிறுத்துவதற்கு ஓர் அறை இல்லை.

13. இத்தனைக்குப் பிறகும் நான் எழுதக் காரணம் உண்டு. சென்ற ஞாயிறு காலை தம்பி எழுந்து, முகம் கழுவிவிட்டு, என் மிஷினுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். காலை வேளையில் மட்டும் சற்று நேரம் அவன் என் தம்பியாக இருப்பான். நான் தைத்துப் போட்ட காலர்களை எடுத்து அடுக்கிவைத்தான். பிறகு கேட்டான்: "அக்கா, உண்மையான கூட்டம் எங்கக்கா நடக்குது?"

நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? என் மனுவால்தான் பூட்டினார்கள் என்று எப்படிச் சொல்வேன்? "விசாரிச்சு வைக்கிறேன்டா" என்றேன். அந்தப் பொறுப்பாளர் எங்களிடம் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்தும் வந்தது. தம்பி தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். சாயங்காலம் எங்கே போயிருப்பான் என்பது தங்களுக்குத் தெரியும்.

14. ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, பின்பக்க அறையைக் காலி செய்து வரும் செவ்வாய்க்கிழமைக்குள் அந்தக் கூட்டத்தினரிடம் திரும்ப ஒப்படைக்கவும், அவர்கள் மற்றவர்களைப் போல முன்வாசல் வழியாகவே வந்துபோகவும், தேடி வருகிறவர் யாரையும் கேட்காமலே வழி தெரிந்துகொள்ளும்படி ஒரு போர்டு வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். இந்த மனுவின் விசாரணையை மேற்படி பொறுப்பாளரிடம் இன்னொரு முறை ஒப்படைக்க வேண்டாம். அவரை என்ன செய்வது என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். நான் தீர்மானிப்பதாக இருந்தால் அது எழுதத் தகுந்ததாக இருக்காது.

மேலும், தங்கள் அலுவலகப் பதிவேட்டில் "சம்பவ நாளன்று மது அருந்தினார்" என்று உள்ள வரியை அடித்துவிட வேண்டும். அதற்கு முன்னும் அவன் குடித்தான், இன்றும் குடிக்கிறான். அதையெல்லாம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று, அத்தனை பேர் சிரிக்க, கைக்கு வந்த கிளாஸைத் திரும்ப வைத்துவிட்டு வந்தான். அவன் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுதான். அதை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அவன் திரும்பவும் ஒரு காலையில் கேட்பான் என்று நம்புகிறேன். மூன்றாவது தடவை கேட்பானா என்று தெரியாது. அவன் கேட்கும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போக எனக்கு ஓர் இடம் வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: புதன்கிழமை, காலை

இணைப்பு: தங்கள் அலுவலகப் பதிலின் நகல்.